எப்போது அனுப்பக் கூடாது

காலையில் எழுந்ததும் காபி போடுவேன். இரண்டு சொட்டு ஆரஞ்சுப் பூ நீர் விடுவேன். பால்கனிக் கதவைத் திறப்பேன். பிறகு, என் மனைவி ஹேலா தன் அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்ப்பேன். பெரும்பாலும் நன்றாகவே எழுதியிருப்பாள்.

ட்யூனிஸில், செய்தி அனுப்பும் செயலி ஒன்றைத் தயாரிக்கும் சிறிய கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. மனிதர்களுக்கு அல்ல, அந்தச் செயலியை இயக்கும் ஏஐ ஏஜெண்டுகளுக்கு. மனிதர்கள் கையேட்டைப் படிப்பதில்லை. ஏஜெண்டுகள் ஒரு வரி விடாமல் படித்து, படித்தபடியே செய்யும். இப்படியொரு வாசகர் வேறு யாருக்கு வாய்ப்பார்?

எப்படி அனுப்புவது என்று எழுதுவது சுலபம். எப்போது அனுப்பக் கூடாது என்று எழுதுவதில்தான் வேலையே இருக்கிறது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு மனிதரைக் கேட்க வேண்டும். பக்கத்து மேசை வஃபா இதைப் படித்துவிட்டு, "டேய் நிசார், உனக்கும் இப்படி ஒரு கையேடு எழுதிக் குடுத்திருக்கலாம்ல? நீ எப்ப பேசுவ, எப்ப பேசமாட்டன்னு தெரியாம ஹேலா பாவம் முழிக்கிறா" என்றாள். ஹேலாவிடம் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அம்மாவிடம் சொல்லாதே என்று ஹேலாதான் கேட்டுக்கொண்டாள். அத்தை காபெஸ் என்ற ஊரில் தனியாக இருப்பவர். நாளெல்லாம் மகளுக்கு எழுதிக்கொண்டே இருப்பார். ஹேலாவுக்குப் போனைப் பிடிக்கவும் தெம்பில்லை. எனவே அவள் கணக்கை ஓர் ஏஜெண்டிடம் கொடுத்தேன். அவளுடைய பழைய செய்திகளை உதாரணங்களாக வைத்தேன். நல்ல கையேட்டுக்கு உதாரணங்கள்தான் உயிர். ஒரு விதியைச் சேர்த்தேன்: ஹேலா ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அம்மாவை வரச் சொல்லக் கூடாது. ஒரு விதியை எடுத்துவிட்டேன்: சந்தேகம் வந்தால் மனிதரைக் கேட்பது. அந்த மனிதர் நான். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

அருமையாக வேலை செய்தது.

"வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமாடி?"

"வேணாம்மா, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க. தூசி உனக்கு ஆகாது."

"குரலையாவது கேக்க விடு, கழுத."

"தொண்டை கட்டிக்கிச்சும்மா. இப்ப பேசினா நிஜமாவே கழுத மாதிரிதான் இருக்கும்."

படித்துவிட்டு நானே சிரித்தேன். ஹேலா அதே அறையில்தான் இருந்தாள், தொண்டையில் குழாயோடு.

அவளை அடக்கம் செய்த அன்று மழை. கம்பெனிக்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "அவ அம்மா எங்க?" என்றாள் வஃபா. வர முடியவில்லை என்றேன். குஸ்குஸில் கொண்டைக்கடலையை எப்போது போடுவது என்று அத்தை அந்நேரம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நிறுத்துவதற்குத் தோதான நாள் அமையவில்லை. அத்தைக்கு வேறு யாரும் இல்லை, இதயமும் பலவீனம். அவ்வப்போது வாடகை வேன் டிரைவரிடம் ஹேலாவுக்கு வறுத்த மாவு கொடுத்தனுப்புவார். நிறுத்தத்துக்குப் போய் வாங்கி வருவேன். ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்துச் சாப்பிடுவேன். "போன தடவைய விட நல்லா வறுத்திருக்கம்மா" என்று ஹேலா எழுதுவாள். அது உண்மையும்கூட.

என் பிழை ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை என்று எழுதியிருந்தேன். பிறகு ஒருநாள் கணக்கை ஒழுங்குபடுத்தும்போது, ஹேலா இப்போது ஆஸ்பத்திரியில் இல்லை என்று குறித்தேன். அதற்கு மேல் எதையும் குறிக்கவில்லை.

இன்று காலை காபியோடு உட்கார்ந்தேன். "இப்பவாவது வரட்டுமா?" என்று அத்தை கேட்டிருந்தார். "வாம்மா. உன்னப் பாக்கணும்போல இருக்கு" என்று பதில் போயிருந்தது. விதிப்படி சரியான பதில். அத்தை வேனில் ஏறிவிட்டார். எனக்கு மிளகாய் விழுதும் கொண்டுவருகிறாராம்.

மகள் சாகும்போது அவரை வரவிடாமல் தடுத்தவன் நான். செத்த மகளாக அவரோடு பேச வைத்தவனும் நான். ஹேலா கேட்டுக்கொண்டதைத்தான் செய்தேன் என்று அவரிடம் சொல்வேன். "அவ என்ன சொன்னா? சொன்ன மாதிரியே சொல்லு" என்பார். கையேடு எழுதுகிறவன் வார்த்தையை மாற்றக் கூடாது. "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாத" என்றாள் முதல் நாள். ரிப்போர்ட் வந்த பிறகு, குழாய் வைப்பதற்கு முன்னால், இன்னொன்றும் சொன்னாள்.

"ரிப்போர்ட்தான் வந்துடுச்சே, நிசார். அம்மாவ வரச் சொல்லு."