பூத்தில் ஒரு பதிவேடு

போலீஸ்காரர்கள் கேட்டதற்காக நான் ஒரு மனு எழுதிக்கொடுத்தேன். அது தவறு. எஸ்.டி.டி. பூத்தில் பேசுகிறவர்களின் பெயர், விலாசம், கூப்பிட்ட எண் எல்லாவற்றையும் பதிந்துவைக்கச் சட்டம் வேண்டும், மட்டாஞ்சேரி மக்களே அதைக் கேட்கிறோம் என்று அழகாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுவாரம் படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நின்றேன். பக்கத்து வரிசையில் மாநகராட்சித் துப்புரவுப் பெண்கள் இருவர்.

“அக்கா, இனி பூத்துல பேரெல்லாம் எழுதணுமாம்.”

“எஸ்.ஐ.யோட மாமியா பேர எழுதிடு!”

“சிரிக்காதீங்கக்கா. ஓடிப்போன மககிட்ட நான் பேசுறது அங்கதான். பூத்துச் சேட்டனும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணா சாயா குடிக்கிறவங்க. நம்பரப் பாத்தாருன்னா போயி இழுத்துட்டு வந்துடுவாரு.”

“அவரு யாருக்குப் போன் போடுறாருன்னு நீ மொதல்ல அதுல பாருடீ!”

மனு அதற்குள் மேலிடத்துக்குப் போய்விட்டது. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று, இந்தப் பேச்சையே காரணமாகக் காட்டி, ஸ்டேஷனுக்குக் கடிதம் எழுதினேன். நாலாம் நாள் ஒரு போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“அந்தப் பெண்ணுங்க யாரு சாரே? பேரு, விலாசம்?”

எனக்கு இரண்டு காதும் கேட்காது என்றேன். அதையும் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு போனார்.