நாலாம் டப்பாவில் செத்த கரடி

சேனாதிபதி: குறை ஒண்ணு. எழுது விசாலம். படத்துல ஒரு மனுசங்கூட இல்ல. எல்லாம் வரைஞ்ச பொம்மை.

விசாலாட்சி: பொம்மைப் படத்துல பொம்மை இருக்குறது குறையாங்க?

சேனாதிபதி: நேத்து நம்ம ஊர்ல ஓட்டுன படம் எப்படி, நல்லது என்ன, குறை என்னன்னு எழுதிக் கேட்டிருக்காரு, படம் ஓட்டுற மெசின் குடுத்த கோடைக்கானல் துரை. ஊர் சொன்னதத்தான எழுதணும். அழகுமலை மாமா படம் முடிஞ்சும் எந்திரிக்கல. "ஆளுக எப்பப்பா வருவாங்க"ன்னு உக்காந்திருந்தாரு.

விசாலாட்சி: சரி… எழுதிட்டேன். அடுத்து?

சேனாதிபதி: குறை ரெண்டு. கரடி குடை பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடுது. நம்ம வடகவுஞ்சிக் கரடி பாடவா செய்யுது? தங்கமுத்து முதுகுல அது போட்ட கோடு இன்னும் அப்படியே கெடக்கு.

விசாலாட்சி: தங்கமுத்து அண்ணந்தான் அந்தப் பாட்டுக்குத் தொடையில தாளம் போட்டாரு.

சேனாதிபதி: அப்ப அத நல்லதுப் பக்கம் எழுது.

விசாலாட்சி: நல்லதுப் பக்கம், அந்தப் பொண்ணு மேகத்துல நடந்து போறதும் எழுதிருக்கேன். எவ்வளவு அழகா நடந்தா…

சேனாதிபதி: இந்த மலையில நான் நெதம் மேகத்துலதான் நடக்கேன். நேத்துக்கூட மெசினோட வழுக்கி விழுந்தேன். எவன் அழகுன்னு சொன்னான்?

விசாலாட்சி: மெசினுக்கு…

சேனாதிபதி: ஒண்ணும் ஆகல. அடிபட்ட முட்டி என்னுது. துரை இந்தக் கடுதாசியப் பாத்துட்டுத்தான் மெசின எங்கிட்ட விடுறதா, வேற ஆளுக்குக் குடுக்குறதான்னு சொல்லுவாராம். போன தடவ பூண்டு வெள்ளாமைப் படத்தப் பின்னாலருந்து ஓட்டுனேன்ல…

விசாலாட்சி: பிடுங்குன பூண்டெல்லாம் திரும்ப மண்ணுக்குள்ள போச்சு.

சேனாதிபதி: சிரிக்காத. மத்தியான பஸ்ஸுக்குப் போகணும். வெரசா எழுது.

விசாலாட்சி: அப்ப முக்கியமான நல்லத எழுதுறேன். செத்த கரடி திரும்பி வந்து ஆடுனது.

சேனாதிபதி: …அது வேண்டாம்.

விசாலாட்சி: ஊரே அதத்தான பேசுது?

சேனாதிபதி: துரை அந்தப் படத்தப் பத்துத் தடவ பாத்தவரு. செத்த கரடி வந்துச்சுன்னு எழுதுனா, எந்தப் படத்துலன்னு கேப்பாரு. படச்சுருள் மொத்தம் அஞ்சு டப்பா. கரடி மூணாம் டப்பாவுல ஆடுது. நாலாம் டப்பாவுல பொண்ணக் காப்பாத்திட்டுச் சாகுது. அஞ்சுல பொண்ணுக்குக் கல்யாணம். நான் நாலை முன்னாடி ஓட்டிட்டு, மூணைப் பின்னாடி ஓட்டிட்டேன்.

விசாலாட்சி: கல்யாணத்துல கரடியக் காணோமேன்னு முருகம்மா கேட்டா. வேற சோலியாப் போயிருக்கும்னு சொல்லி வச்சேன்.

சேனாதிபதி: கண்ணு தெரியாம மாத்தி மாட்டிட்டேன்னு குறைப் பக்கம் எழுதிரு.

விசாலாட்சி: உங்களுக்கா கண்ணு தெரியல? ராந்தல் இல்லாமலே ஊசியில நூல் கோக்குற ஆளு.

சேனாதிபதி: அப்ப புத்தி கெட்டுப்போச்சுன்னு எழுது. துரை உடனே நம்பிருவாரு.

விசாலாட்சி: மெசின வாங்கிக்கிட்டாருன்னா?

சேனாதிபதி: பூண்டு பிடுங்கப் போறேன். அதையாவது நேராப் பிடுங்குவேன்.

விசாலாட்சி: …ஏங்க. டப்பா மூடிக்கெல்லாம் நான் திருநீறு பூசி, சந்தனம் வச்சேன்ல?

சேனாதிபதி: ஆமா. அஞ்சும் பழனிக்குக் காவடி எடுக்கப் போற மாதிரி இருந்துச்சு.

விசாலாட்சி: தொடைச்சிருன்னீங்க. ஈரத்துணி போட்டுத் தொடைச்சதுல சாக்பீஸ் நம்பரும் போயிருச்சு. திரும்ப நம்பர் போட்டது நாந்தான்.

சேனாதிபதி: அதுக்கென்ன… மாறிப்போயிருக்கும்.

விசாலாட்சி: மாறல. மாத்துனேன்.

சேனாதிபதி: எதுக்கு?

விசாலாட்சி: மகன் போனதுலருந்து மூணு மாசமா கருப்பம்மாக்கா வீட்ட விட்டு வெளிய வரல. படத்துல சாவு வந்தா நான் வரமாட்டேன்னுச்சு. வராதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன். அட்டுவம்பட்டியில துரை இந்தப் படத்தப் போட்டுக் காட்டுனப்பவே பாத்தவ நான், தெரிஞ்சே பொய் சொன்னேன். அந்தக் கரடிக்கு நானே எப்படி அழுதேன்… நீங்களுந்தான்.

சேனாதிபதி: எனக்கு மெசின் சூட்டுல கண்ணு கலங்குச்சு.

விசாலாட்சி: செத்தாலும் திரும்ப வரட்டும்னு நம்பர மாத்திட்டேன். கரடி விழுந்ததும் அக்கா எந்திரிச்சிருச்சு. போர்வைய உதறுது. அப்பத்தான் அது குடையோட வந்து ஆடுச்சு. அக்கா அப்படியே உக்காந்து… சிரிச்சுதுங்க. நான் பாத்தேன். அதனால எம்மேல தப்புன்னே எழுதுறேன். உங்க சோலி போகக் கூடாது.

சேனாதிபதி: எழுதாத. மாட்டுறப்பவே மூணுன்னு போட்டிருந்த சுருள வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன் விசாலம், கரடி செத்துக் கெடந்துச்சு. மாத்திரலாம்னு மத்த டப்பாவ எடுத்தேன்… முன்னால கருப்பம்மாக்கா உக்காந்திருந்துச்சு. செத்தது திரும்பி வரட்டும்னு நாலையே மாட்டிட்டேன். நீ புத்தி கெட்டுப்போச்சுன்னே எழுது.