அனுவோட நம்பர்

— மெதுவா நடங்க சுஜிக்கா! இன்னா ஓட்டம் இது? ஏழு மாச வயித்த வெச்சிகினு தாம்பரத்துல ரயிலைப் புடிக்கப் போற மாதிரி ஓடறீங்களே.

— நடந்தாத்தான் சுகர் எறங்கும் அனு. உனக்கென்ன, நீ நின்னாலும் எறங்குது, உக்காந்தாலும் எறங்குது. காலையில எவ்ளோ வந்துச்சு?

— எதுக்கு இப்ப அது?

— சும்மா சொல்லேன்.

— தொண்ணூத்தி ரெண்டு.

— ஸ்தோத்திரம்.

— இன்னாக்கா, ஸ்தோத்திரத்தைப் பல்லைக் கடிச்சிகினு சொல்றீங்க?

— கடிக்காம என்ன செய்ய? எனக்கு வெறும் வயித்துலயே நூத்தி நாலு. ராத்திரி ஒரே ஒரு சப்பாத்தி, கொஞ்சம் கீரை, அதோட எந்திரிச்சிட்டேன். காலையில ஒரு தோசை, ஒரு முட்டை. நீ என்ன சாப்ட்ட?

— கேவுரு கூழு. எங்க மாமியாரு கரைச்சுக் குடுத்தாங்க.

— எவ்ளோ?

— ஒரு சொம்பு. அரிசி இல்லியேக்கா, கேவுருதானே. அப்பால ஒரு கீத்து மாம்பழம்.

— ஒரு கீத்தா?

— ரெண்டு. இன்னா அப்டி மொறைக்கிறீங்க?

— தெனம் ஒரு சொம்பு கூழு, ரெண்டு கீத்து மாம்பழம், அப்படியும் வெறும் வயித்துல தொண்ணூத்தி ரெண்டு! நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துலதானே கர்ப்பத்துல வர்ற சுகர்னு சொன்னாங்க? ஒரே டாக்டர், ஒரே சார்ட்டு. அந்தம்மா போன வாரம் அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னாங்க? "டீச்சர், அனுப்பிரியாவைப் பாத்துக் கத்துக்கோங்க."

— அது சும்மா ஒரு பேச்சுக்குக்கா.

— பத்து வருஷமா கிளாஸ்ல பசங்களை எழுப்பி நிக்க வெச்சு அதையேதான் நானும் சொல்லியிருக்கேன். பக்கத்துல இருக்கறவனைப் பாத்துக் கத்துக்கோன்னு. அது எப்படி எரியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

— நீங்க வேற. வுடுங்கக்கா.

— எப்படி விடறது? திங்கக்கிழமைக்குள்ள எறங்கலன்னா எனக்கு இன்சுலின்.

— ஐயோ, ஊசியா?

— ஊசிக்கு நான் பயப்படல. எங்க மாமியார் ஞானசௌந்தரி அம்மா ஜெபக்கூட்டத்துல எழுந்து நின்னு, "என் மருமகளுக்கு வாயடக்கத்தைத் தாரும் ஆண்டவரே"ன்னு சத்தமா ஜெபிப்பாங்க பாரு, அதுக்குத்தான் பயம். சரி, உங்க வீட்டுக்காரர் எங்க? நிழல் மாதிரி கூடவே வருவாரே.

— பெருங்களத்தூர் கடையில சிமெண்டு லோடு எறங்குதாம். அதான் வரல. இல்லன்னா என்னைத் தனியா வுட மாட்டாரு.

— தெரியும், தெரியும். தெனம் பால்கனியில நின்னு பாக்கறேனே. இந்தக் கார் பார்க்கிங்க ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டுச் சுத்தி வருவீங்க. கோயில் பிரகாரம் கெட்டுது.

— போங்கக்கா! பாத்து, அங்க ஆயில் கொட்டிகீது, வழுக்கும். ஒரு வாய் தண்ணி குடுங்க.

— மறுபடியுமா? உன் பாட்டிலைக் குடிச்ச, என் பாட்டிலையும் காலி பண்ணிட்ட.

— இன்னான்னே தெரியல, தாகம் தாங்கல. ஒரே பேஜாராகீது.

— மாடிக்குப் போய்க் குடிக்கலாம் இரு. அனு, நீ அன்னிக்கு ஒண்ணு சொன்னியே, அதை நெனச்சு எனக்கு ராத்திரி பூரா தூக்கமே இல்ல.

— இன்னா சொன்னேன்?

— மொத நாள் மெஷின்ல பாக்கறதுக்கு உன் வெரல்ல ஊசியை வெச்சதும் நீ மயக்கம் போட்டு விழுந்தியாம். உங்க வீட்டுக்காரர் உன் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாராம். "இனிமே உன் வெரலுக்கு வலின்னா என்னான்னே தெரியாது"ன்னு சத்தியம் பண்ணாராம்.

— ஆமா. எங்க மாமியாரு தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு.

— பாரு! என் புருஷன் எபியும்தான் இருக்கான். காட்டாங்குளத்தூருக்கு பஸ் போயிடும்னு ஒரு கையில டிபன் பாக்ஸ், ஒரு கையில ஊசி. நறுக்குன்னு குத்துவான். நான் கத்தினா, "வெரலை ஆட்டாத, சொட்டு சரியா விழட்டும்"பான். நம்பரைப் பாத்துட்டு, "நேத்து ராத்திரி பிரிட்ஜைத் தொறந்தியா?" போலீஸ்காரன் தோத்தான்.

— ஆனா டெய்லி குத்தறாரு இல்ல?

— அது ஒரு பெருமையா?

— இல்ல, சும்மா கேட்டேன்.

— உங்க வீட்டுக்காரர் உனக்காக அரிசிச் சோத்தையே விட்டுட்டாராமே?

— நான் இன்னா துன்றனோ அதான் அவருக்கும். கூழுன்னா கூழு, சுண்டல்னா சுண்டல். ஒரே தட்டுதான்.

— என் எதிர்லயே உக்காந்து எபி பிரியாணி சாப்பிடறான் அனு. கேட்டா, "சுகர் உனக்குத்தானே, எனக்கா?"ங்கறான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பசியிலயா, பொறாமையிலயான்னு எனக்கே தெரியல.

— பொறாமையா? என்னைப் பாத்தா?

— உன்னைப் பாத்துத்தான். எதுல இல்ல சொல்லு. இந்த அபார்ட்மென்ட் நிக்கற எடமே உங்க மாமனார் நெல்லு போட்ட எடம். புருஷன் அப்படி, நம்பர் இப்படி. புள்ளைகூட உன்னுதுதான் பெருசாம்.

— ஆமாக்கா, வாரத்துக்கு மீறி வெயிட் கீதாம். எங்க மாமனாரு எல்லா வூட்டுக்கும் ஸ்வீட் குடுத்தாரே. டாக்டரு மட்டும் மூஞ்சை சுளிச்சாங்க. இவரு போன்ல அனுப்பற நம்பரைப் பாத்துட்டு, "இவ்ளோ நல்லா இருந்தும் குழந்தை ஏன் இப்படி வளருது? திங்கக்கிழமை இங்கயே ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்"னாங்க. அதை நெனச்சாத்தான் பயமாகீது.

— உனக்கென்ன பயம், கிளாஸ்ல மொத மார்க்கு நீ. அலாரம் அடிக்குது பாரு. சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆச்சு. இந்தப் படிக்கட்டுல உக்காரு.

— இங்கியே பாக்கப் போறீங்களா?

— மெஷினைப் பையிலயே கொண்டாந்துட்டேன். ஸ்ஸ்... குத்தியாச்சு. நூத்தி நாப்பதுக்குள்ள காட்டு ஏசப்பா.

— எவ்ளோ?

— நூத்தி அம்பத்தி ஒண்ணு.

— பரவால்லக்கா, கொஞ்சம்தானே ஜாஸ்தி.

— அதை நீ சொல்லாத! ...கத்திட்டேன், மன்னிச்சுக்கோ. அடுத்தவங்களோடதுக்கு ஆசைப்படக் கூடாதுன்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறவ நான். ஆனா கோயில்ல முழங்கால் போட்டா உன் நம்பர்தான் கண்ணு முன்னாடி வருது. கையைக் குடு.

— எதுக்கு?

— என் மெஷின்ல உனக்கும் பாத்துடலாம். உனக்கும் எகிறிச்சுன்னா மெஷின்தான் கோளாறு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட அதையே சொல்லித் தப்பிச்சுக்குவேன்.

— வேணாங்கா. அவரு வந்துருவாரு.

— ஏன், அவர் குத்தினாத்தான் ரத்தம் வருமா? புது ஊசி மாத்திட்டேன், குடு. ...ஏய் அனு.

— இன்னா?

— உன் வெரல்ல ஒரு புள்ளிகூட இல்லியே. என் வெரலைப் பாரு, சல்லடையா இருக்கு. உன்னுது பிஞ்சு வெண்டைக்கா மாதிரி இருக்கு. தடமே தெரியாம ஒரு மனுஷன் இப்படிக் கூடவா குத்துவாரு?

— அவரு கைதான்க்கா பாவம்.

— ஆமா, நேத்து லிப்டுல பாத்தேன். வெரலுக்கு வெரல் பிளாஸ்திரி. கேட்டா கடையில கம்பி கிழிச்சிடுச்சுன்னாரு. சரி, கண்ணை மூடிக்கோ.

— அம்மாடீ!

— என்னடி இது, இன்னிக்குத்தான் மொத மொத குத்தற மாதிரி? இரு, வருது.

— எவ்ளோக்கா? ...சுஜிக்கா? சொல்லுங்க.

— மாம்பழம் ஒட்டியிருக்கும். அந்தக் குழாய்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. ஈரம் போகத் தொடை. அந்தக் கையைக் குடு.

— இன்னொரு தபாவா?

— குடுன்னா குடு!

— ஸ்ஸ்... அப்பா! உங்க மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு?

— இருநூத்தி இருபத்தி ஆறு. மொதல்ல அதுக்கும் மேல காட்டுச்சு.

— அப்ப உங்க மெஷின்தான் கோளாறு.

— எனக்கு நூத்தி அம்பத்தி ஒண்ணு காட்டின மெஷின்டி இது. மொத நம்பரைப் பாத்ததும் எனக்குள்ள ஒருத்தி கை தட்டினா அனு. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது நம்பர் வந்ததும் அது போச்சு. தாகம் தாகம்னியே. புள்ளை மீறி வளருதுன்னாங்களே. உன் சுகர்தான்டி உள்ள போயி அதை ஊத வெக்குது. பொறந்தவொடனே அதுக்கு சுகர் சடார்னு எறங்கிடும்னு எனக்குச் சொன்னாங்க. இன்சுலின் எனக்கில்ல, உனக்குத்தான் எப்பவோ போட்டிருக்கணும். எழுந்திரு, ஆட்டோ புடிக்கிறேன்.

— அவரு வந்துரட்டுமே...

— அவர் நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும். ஏன் அனு, புள்ளை விஷயத்துலயா டாக்டர்கிட்ட பொய் நம்பர் சொல்லுவ?

— பொய் இல்லக்கா! ஆத்தா சத்தியமா காலையில தொண்ணூத்தி ரெண்டுதான் வந்துச்சு.

— இந்த ஒடம்புல எப்படிடி தொண்ணூத்தி ரெண்டு வரும்?

— ஒரே தட்டுல துன்றோம், ஒண்ணாத்தான் நடக்கறோம், அவருக்கு எவ்ளோவோ எனக்கும் அவ்ளோதான் இருக்கும்னு... எனக்கு வலிக்கும்னு, இத்தினி நாளா அவரு வெரல்லதான்க்கா குத்திகினு இருந்தாரு.