மங்கின பச்சை

— பெயிண்ட்ல ஒரு குறை காட்டுங்க தம்பி, இந்த நிமிஷமே மீசையை எடுத்துடறேன்.

— குறையே இல்லண்ணே. அதான் குறை.

— கேளுங்க, நான் பெயிண்டர். எனக்கு விடுகதையெல்லாம் வராது.

— மூணு மாசம் முன்னாடி எங்க காரைச் சுரண்டி வெள்ளை அடிச்சுக் கொடுத்தீங்கல்ல?

— வெள்ளையா அது? பால்! மேல லேக்கரே மூணு கோட். போறவன் வர்றவன்லாம் அதுல பாத்து தலை சீவிட்டுப் போறான். என் கையில வந்த வேலையிலயே அதான் தலைப்பிள்ளை.

— அதை மறுபடி பச்சை ஆக்கணும்.

— ஆக்கிட்டாப் போச்சு. புதுசா ஒரு பச்சை வந்திருக்கு, கேளுங்க, வெயில்ல பாத்தா உள்ளுக்குள்ள மினுமினுன்னு...

— மினுமினுன்னு வேண்டாம். பழைய பச்சை. இருபத்தாறு வருஷம் வெயில்ல காஞ்ச பச்சை. விரலை வச்சா சுண்ணாம்பு மாதிரி ஒட்டுமே, அது. பானட்ல ஒரு இடத்துல தேஞ்சு சாம்பல் தெரிஞ்சுதே, அதுவும் வேணும்.

— தம்பி, காலையில சாப்பிட்டீங்களா?

— சாப்பிட்டேண்ணே.

— ராத்திரி தூங்கினீங்களா?

— இல்ல.

— அப்படிச் சொல்லுங்க. முப்பது வருஷமா இந்த ஷெட்டுக்கு வர்றவங்க எல்லாம் கிழவியைக் குமரியாக்கத்தான் சொல்லியிருக்காங்க. குமரியைக் கிழவியாக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்.

— அப்பாவுக்கு அந்தக் காரை அடையாளம் தெரியலண்ணே.

— கண்ணாடிக்கடை அய்யாவுக்கா? ஊருக்கே பார்வை பாத்தவர். அவருக்கே பார்வை போச்சா?

— பார்வை சுத்தமா இருக்கு. ஞாபகம்தான். அம்மா இறந்து ரெண்டு வருஷம் ஆச்சுல்ல, அதுலேருந்து ஒவ்வொரு ஆணியா கழண்டுக்கிட்டு இருக்கு. என்னையே ஒரு நாள் டேய்னு கூப்பிடுவார், ஒரு நாள் சார்னுவார். இப்பல்லாம் முழு நேரமும் சார்தான். போன வாரம் உக்கார வச்சு, "உங்களுக்கு தூரமா, கிட்டமா?"ன்னு கேட்டார். தூரம்னேன். "பயப்படாதீங்க, எழுதித் தர்றேன்"னார்.

— ஐயோ.

— எழுதியும் தந்தார். பவர் சரியா இருந்துச்சு.

— அம்மா போனது... அது தெரியுமா அவருக்கு?

— தெரியலண்ணே. நாங்க கேட்டதில்ல. அவரும் கேட்டதில்ல. எங்க வீட்ல அந்த ஒரு பேச்சை மட்டும் எல்லாரும் சுத்திட்டுப் போவோம், நடுக்கூடத்துல கிடக்கற கட்டில் மாதிரி.

— சரி, காருக்கு வாங்க.

— எல்லாம் மறந்தவர் காரை மட்டும் மறக்கல. காலையில ஏழு மணி ஆனா மஞ்சத்துணியை எடுத்துக்கிட்டு வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கிளம்பிடுவார். கண்ணாடி துடைக்கிற மாதிரியே வட்ட வட்டமா. இடது கையை பானட்ல ஊணிக்குவார், வலது கையால துடைப்பார்.

— கேளுங்க, அப்போ அந்தச் சாம்பல் இடம்! உள்ளங்கை அளவுக்கு இருந்துச்சு. நான் துருன்னு நினைச்சுல்ல சுரண்டினேன்?

— துரு இல்லண்ணே. அப்பா.

— அவர் கை தேச்ச இடத்தையா நான் சுரண்டித் தள்ளினேன்!

— நீங்க என்ன பண்ணுவீங்க. சுரண்டுங்கன்னு சொன்னதே நான்தானே.

— அவர் எங்க ஓட்டிப் போவார், இவ்வளவு துடைச்சு?

— அப்பாவா? ஸ்டீரிங்கைத் தொட்டதே இல்ல. ஓட்டறது அம்மா. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் பகல் டூட்டி, ராத்திரி டூட்டின்னு நேரங்காலமே கிடையாதே, அதுக்காக வாங்கின கார். "எங்க வீட்ல நான் டிரைவர், அவர் கிளீனர்"னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. அப்பா அதுக்குப் பெருமையா தலையாட்டுவார்.

— இந்த வெள்ளை யோசனையை எந்தப் புண்ணியவான் கொடுத்தான்?

— நான்தான் அந்தப் புண்ணியவான். அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். கண்ணை மூடச் சொல்லி, தோளைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், இப்போ திறங்கப்பான்னேன். திறந்தார். சுத்தி வந்து பாத்தார். "ரொம்ப அழகா இருக்கு சார், யாரோட வண்டி?"ன்னார்.

— நான் அடிச்சது அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?

— நீங்க கொஞ்சம் மோசமா அடிச்சிருக்கலாம்ணே.

— சொல்லுங்க, அப்புறம்?

— அன்னிலேருந்து ஷெட் பக்கமே போறதில்ல. துணியை மடிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு வாசல்ல போய் நிக்கறார். சாப்பிட வாங்கப்பான்னா, "வண்டி வரட்டும்"ங்கறார். கதவைப் பூட்டினா ஜன்னல். பூட்டலைன்னா தெருமுனை. ரெண்டு தடவை போலீஸ்காரர் கூட்டிட்டு வந்து விட்டார். நேத்து மெயின் ரோட்டுல லாரிக்காரன் பிரேக் அடிச்சு இறங்கி, என்னைக் கேக்கக்கூடாதது எல்லாம் கேட்டுட்டுப் போனான். அப்பா ரோட்டு நடுவுல நின்னு சிரிச்சுக்கிட்டே எட்டி எட்டிப் பாக்கறார்ணே. சிரிச்சுக்கிட்டே. அதான் எனக்குப் பயமே.

— பழைய மாதிரி ஆக்கியும் தெரியலைன்னா?

— தெரியலைன்னா அப்போ பாத்துக்கலாம். லாரிக்காரன் எல்லாரும் பிரேக் அடிப்பான்னு சொல்ல முடியாதுல்ல?

— தலைப்பிள்ளையை என் கையாலயே... சரி விடுங்க. பழைய ஷேடு மாதிரிக்கு எங்க போறது? ஒரு துணுக்கு விடாம சுரண்டிட்டேனே. இருங்க. இருங்க. கேளுங்க, பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் நான் அடிக்கல!

— ஏன்?

— சோம்பேறித்தனம். யார் திறந்து பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

— உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு மாலை வாங்கிட்டு வர்றேண்ணே.

*

— என்ன, பச்சை வந்துடுச்சா தம்பி?

— வந்துடுச்சு. ஆனா கொஞ்சம் உற்சாகமா இருக்கே.

— அடங்கும், அடங்கும். லேக்கர் அடிக்கல. வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு முகத்தை வாட விட்டிருக்கேன். இன்னும் பத்து நாள் மொட்டை வெயில்ல கிடக்கட்டும். நேத்து ஒருத்தன் எட்டிப் பாத்து, "என்னண்ணே, கை தளந்துடுச்சா?"ன்னு கேட்டான். வாயைத் திறக்கலையே நான். கேளுங்க, முப்பது வருஷ மானம், மூடி வச்சுக்கிட்டு நின்னேன்.

— போட்டோ கொண்டு வந்திருக்கேன், கீறல் எங்கெங்கன்னு பாக்க.

— இதுல கார் எங்க இருக்கு? வரிசையா ஆளுங்கதான் நிக்கறாங்க.

— அவங்களுக்குப் பின்னாடி. எங்க வீட்டுப் போட்டோல சித்தப்பா இருக்க மாட்டார், கார் கண்டிப்பா இருக்கும்.

— பின்பக்கம் என்ன, நசுங்கல் மாதிரி?

— வாசல் கேட் தூண். ரிவர்ஸ் எடுக்கறப்போ தூண்தான் நகந்து வந்துச்சுன்னு அம்மா கடைசி வரைக்கும் சாதிச்சாங்க.

— சில தூணுக்கு அந்தப் புத்தி உண்டு. அதை டிங்கர்கிட்ட சொல்லிச் செஞ்சுடலாம். அவனுக்கு நசுக்கறதுன்னா தனி சந்தோஷம். டிரைவர் கதவுல கைப்பிடிக்குக் கீழ கோழி கிளறின மாதிரி இருக்கே, அது?

— அம்மா சாவி. பூட்டுத் துவாரத்தைப் பாக்கவே மாட்டாங்க, தடவித்தான் கண்டுபிடிப்பாங்க. அவசர டூட்டின்னா நாலு கீறல் கூட விழும்.

— மொத்தம் எத்தனை போடணும்?

— எண்ணினேன், முடியல. அந்தச் சாவியையே எடுத்துட்டு வந்துட்டேன். இந்தாங்க.

— நான் தொட மாட்டேன். நீங்களே போடுங்க.

— நானா?

— உங்க அம்மா கை எனக்கு எப்படித் தம்பி வரும்? பக்கத்துல நின்னு பாத்தவர் நீங்க. போடுங்க. ம்... என்ன, அப்படியே நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்ல. அம்மா குள்ளம். கை இவ்வளவு மேல இருக்காது.

— அப்போ முட்டியை மடக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். அவ்வளவு உயரம்தானா?

— அவ்வளவுதாண்ணே.

— போட்டோல பெருசாத் தெரிஞ்சாங்க.

— வீட்லயும் அப்படித்தான் தெரிவாங்க.

— போடுங்க. அவசர டூட்டி மாதிரியே போடுங்க. நான் அந்தப் பக்கம் போய் பானட்டைப் பாக்கறேன். அந்த உள்ளங்கை இடத்தை அரை நாள் தேச்சும் பாதிதான் வந்திருக்கு. மனுஷன் எப்படித்தான் கையை வச்சாரோ.

*

— மெதுவாண்ணே. இடது பக்கம் தூண்.

— பாத்துட்டேன். அது நகராம இருந்தாப் போதும்.

— அப்பா! இங்க பாருங்க, என்ன வந்திருக்குன்னு.

— சார், கொஞ்சம் வழி விடறீங்களா? வண்டி உள்ள வரணும்.

— விட்டுட்டேன்பா.

— வா, வா, வா. அப்படியே நேரா. நல்லது. எத்தனை நாள் தூசி இது! என் துணி எங்க... இங்கதான் இருக்கு.

— அண்ணே, சத்தம் போடாம இறங்குங்க. துடைக்கறார்.

— பாக்கறேன் தம்பி.

— வட்ட வட்டமா. அதே மாதிரி. இடது கையைப் பாருங்க, தேடவே இல்ல, நேரா அந்த இடத்துல போய் உக்காந்துடுச்சு.

— என் அரை நாள் பொழைச்சுது. கேளுங்க, கண்ணைத் துடைச்சுக்கறதா இருந்தா துடைச்சுக்குங்க. நான் டயரைப் பாக்கறேன்.

— இனிமே தெருவுக்குப் போக மாட்டார்ணே. வண்டி வந்துடுச்சுல்ல.

— நீங்க யாரு? இதை ஓட்டிட்டு வந்தது நீங்களா?

— ஆமாங்கய்யா. நான் பெயிண்டர்.

— நல்லது. அந்தக் கதவைத் திறங்க... பின்கதவு? அதையும்தான்.

— என்னப்பா தேடறீங்க? உள்ள ஒண்ணும் இல்லப்பா.

— டேய்.

— அப்பா? என்னைத் தெரியுதாப்பா? அண்ணே, டேய்ங்கறார்! நான் யாருப்பா?

— கேக்கறான் பாரு கேள்வி. என் புள்ளைடா நீ. எத்தனை நாளா வாசல்ல நிக்கறேன்... வண்டி மட்டும் வந்திருக்கு. அம்மா எங்கடா?