சஹஸ்ரநாமத்துக்கு செமஸ்டர்

காமாக்ஷி: ஏன்னா, பத்தாம் தேதியெல்லாம் என்னால கிளம்ப முடியாது. சொல்லிட்டேன்.

சிவா: சீட்டே போட்டாச்சு காமு. உனக்கு ஓரத்து சீட். என் சொந்த அண்ணா, ஸ்ரீரங்கத்துல காவிரிக் கரையில வீடு கட்டியிருக்கார். நான் நீஞ்சிக் கடந்தேனே, அதே எடத்துக்கு எதிர்ல! கிரகப்பிரவேசத்துக்குப் போகலைன்னா மன்னி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.

காமாக்ஷி: போக வேண்டாம்னு யார் சொன்னா? ஒரு பத்து நாள் தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்கோ.

சிவா: தள்ளினா ஆனி. ஆனில கிரகப்பிரவேசம் கிடையாது. அப்புறம் ஆடி, கேக்கவே வேண்டாம். ஜூன் பதினாலுதான் வைகாசில கடைசி முகூர்த்தம்.

காமாக்ஷி: ஆவணில பண்ணட்டுமே. வீடு எங்கே ஓடியா போகப்போறது?

சிவா: முந்நூறு பத்திரிகை அடிச்சாச்சு. நீ காரணத்தைச் சொல்லு.

காமாக்ஷி: தோட்டத்துக்கு யார் தண்ணி விடுவா?

சிவா: டைமர் விடும்.

காமாக்ஷி: அஞ்சனா வரேன்னு...

சிவா: உன் பொண்ணு டெக்ஸாஸ்லேர்ந்து ஆகஸ்ட்லதான் வரா. நேத்திக்கு ஸ்பீக்கர்ல சொன்னப்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன்.

காமாக்ஷி: ...சஹஸ்ரநாமம் கிளாஸ் இருக்கு.

சிவா: அதானே பார்த்தேன்! அஞ்சு வருஷமா செவ்வாய், வியாழன் விடாம போறே. அதுக்காக எய்ட்-எய்ட்டி ஹைவே ட்ராஃபிக்ல அடிச்சுப் பிடிச்சுண்டு ஓடறவ இந்த பே ஏரியாலயே நீ ஒருத்திதான். ஆயிரம் நாமம் இன்னுமா முடியலை? அம்பாளே "போதும்டி"ன்னு எழுந்து போயிருப்பா.

காமாக்ஷி: வாயைக் கழுவுங்கோ. பதினொண்ணாம் தேதி வியாழக்கிழமை. அது ஒண்ணு முடியட்டும், மறுநாளே ஃப்ளைட் ஏறிடறேன்.

சிவா: நாம போய்ச் சேரச்சே பந்தி முடிஞ்சு இலை எடுத்துண்டிருப்பா. ஒரு கிளாஸ் போனா என்ன? அடுத்ததுல சொல்லிக்கோ.

காமாக்ஷி: அடுத்தது கிடையாது. ஆகஸ்ட்லேர்ந்து செமஸ்டர் ஆக்கறா.

சிவா: எதை?

காமாக்ஷி: ...சஹஸ்ரநாமத்தை.

சிவா: சஹஸ்ரநாமத்துக்கு செமஸ்டரா!

காமாக்ஷி: ஆமாம். கிளாஸ் எடுக்கற கண்மணி ஆன்ட்டி ஆத்துல இத்தனை நாள் க்வார்ட்டர் கணக்கு. பன்னெண்டு வாரம். இனிமே பதினாறு வாரம். எல்லா எடத்துலயும் இப்போ அப்படித்தானாம்.

சிவா: சரி... நாமமும் ஆயிரத்து முந்நூறு ஆயிடுமா?

காமாக்ஷி: கிண்டல் பண்ணாதேள். இதுவரைக்கும் பண்ணினதையெல்லாம் கன்வெர்ட் பண்றா. மூணுல ரெண்டு பங்குதான் நிக்கும்.

சிவா: அப்போ அஞ்சு வருஷப் புண்ணியத்துல மூணுல ஒரு பங்கு கோவிந்தா! சித்ரகுப்தன் மார்க் ஷீட் கேப்பானே, என்ன பண்ணுவே?

காமாக்ஷி: சிரிங்கோ. உங்களுக்கென்ன... எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி. ஜூனுக்குள்ள முடிச்சேன்னா அப்படியே ஒத்துப்பா. விட்டேன்னா போச்சு. புதுக் கணக்குல அவா மூணு இட்லி வேணும்பா, எங்கிட்ட ரெண்டே முக்கால்தான் தேறும். அந்தக் கால் இட்லிக்காக முழு ஈடும் மறுபடி ஊத்தணும்.

சிவா: கராஜ்ல தனியா நின்னு பேசறியே, அதுவும் சஹஸ்ரநாமம்தானா? "குட் ஈவ்னிங் எவ்ரிபடி, மை நேம் இஸ் காமாக்ஷி"ங்கறே... வாஷிங் மெஷின்கிட்ட.

காமாக்ஷி: ஒட்டுக் கேட்டேளா?

சிவா: உன் குரலுக்கு ஒட்டு வேற கேக்கணுமா? க்ரிஷ் மாடிலேர்ந்து எறங்கி வந்து, "அப்பா, இஸ் அம்மா ஓகே?"ங்கறான்.

காமாக்ஷி: உங்களை நான் ஏதாவது கேட்டேனா? ஜிம்முக்குன்னு போறேள். திரும்பி வந்தா உடம்பெல்லாம் ப்ளீச் வாசனை. கண்ணு ரெண்டும் கோவைப்பழம். கேட்டேனா?

சிவா: அது... ஸ்டீம் ரூம். பேச்சை மாத்தாதே. பன்னெண்டாவது வாரம்தானே ஃபைனல்ஸ்? ப்ரொஃபஸர்கிட்ட கேட்டா ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சுக்க விடுவா.

காமாக்ஷி: அதெல்லாம் கேட்டாச்சு. எல்லாரும் எதிர்ல உக்காந்து கேக்கணுமாம், அதனால... இருங்கோ. ஃபைனல்ஸ்னு நான் சொல்லவே இல்லையே.

சிவா: சொன்னே.

காமாக்ஷி: சொல்லலை. கண்மணி ஆன்ட்டி எப்போ ப்ரொஃபஸர் ஆனா?

சிவா: ...உன் கார்ல காலேஜ் பார்க்கிங் பர்மிட்டைப் பார்த்தேன். போன வருஷம்.

காமாக்ஷி: போன வருஷமா! தெரிஞ்சுண்டேவா இத்தனை நாழி என்னை...

சிவா: நீயா சொல்றியான்னு பார்த்தேன். ஏன் காமு மறைச்சே?

காமாக்ஷி: எப்படிச் சொல்றது? பி.எஸ்ஸி. செகண்ட் இயர்ல கல்யாணம். இங்கே வந்து முப்பது வருஷம். எந்த ஃபாரம் நீட்டினாலும், படிப்புங்கற எடத்துல "சம் காலேஜ்"னு ஒரு கட்டம் இருக்கும். அதுலயே டிக் போட்டுண்டிருக்கேன். கொஞ்சூண்டு காலேஜ்! ஒவ்வொரு தடவையும் அவமானமா இருக்கும். க்வார்ட்டருக்கு ஒண்ணா பதினெட்டு கிளாஸ் முடிச்சுட்டேன். நடுவுல ஃபெயில் ஆனா சிரிப்பேள்னுதான் சொல்லலை. மேடையில பேசற கிளாஸ் ஒண்ணுதான் பாக்கி. பத்து நிமிஷம் பேசணும். எனக்கு அந்த டிகிரி வேணும்னா... ரொம்ப வேணும்.

சிவா: நான் சிரிக்கலை.

காமாக்ஷி: இப்போ டிக்கெட்டுக்கு என்ன பண்றது? கான்சல் பண்ணினா பாதிகூடத் தேறாதே...

சிவா: வாங்கினாத்தானே கான்சல் பண்றதுக்கு.

காமாக்ஷி: என்னது! ஓரத்து சீட்டுன்னேளே?

சிவா: சும்மா சொன்னேன். நீ எப்படியும் மாட்டேம்பேன்னு தெரியும். மன்னிகிட்ட பழியை உன் தலைல போட்டுடலாம்னு...

காமாக்ஷி: அடப்பாவி மனுஷா! உங்களுக்கு என்ன வந்தது, போகாம இருக்க?

சிவா: எனக்கும் பதினொண்ணாம் தேதி ஃபைனல்ஸ். அதே காலேஜ்ல.

காமாக்ஷி: நீங்களா? என்ன கிளாஸ்?

சிவா: ...நீச்சல். பிகினர்ஸ்.

காமாக்ஷி: நீச்சலா!

சிவா: மெதுவாடி, க்ரிஷ் காதுல விழப்போறது. ஏற்கெனவே ரெண்டு க்வார்ட்டர் ஃபெயில். பதினொண்ணாவது வாரம்தான் மிதக்கவே ஆரம்பிக்கறேன், பன்னெண்டுல முடிச்சுடறா. உனக்கு செமஸ்டர் எமன். நான் அதுக்காகத்தான் தவம் கிடக்கேன். நாலு வாரம் கூடக் கிடைக்குமே.

காமாக்ஷி: அதான் ப்ளீச் வாசனை... நான் பேசறதைக் கேக்க ஆத்துலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிண்டு வரச் சொல்லியிருக்கா. கண்மணி ஆன்ட்டியைக் கேட்டு வெச்சிருக்கேன்.

சிவா: அவா எதுக்கு? நான் வரேன். தலை ஈரமாத்தான் இருக்கும், பரவால்லையா?

காமாக்ஷி: துவட்டிண்டு வாங்கோ. ஆனா அண்ணாகிட்ட என்ன சொல்லப் போறேள்? கூடப் பொறந்தவர், மனசு கஷ்டப்படாதா?

சிவா: அவர்தான் நேத்திக்கு ரகசியமா போன் பண்ணினார். பேரப் பசங்க எல்லாம், ரெண்டு தாத்தாவும் சேர்ந்து காவிரில நீஞ்சிக் காட்டணும்னு ஒத்தக் கால்ல நிக்கறதாம். "நீ வராம இருந்தா நான் தப்பிச்சேன்டா"ங்கறார்.

காமாக்ஷி: அவர் எதுக்குத் தப்பிக்கணும்? ரெண்டு பேருமாத்தானே கடந்தேள்? கரை புரண்டு ஓடித்து, சுழல் இழுத்துதுன்னு என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே சொன்னேளே. எங்கப்பா அதைக் கேட்டுதானே சரின்னார்!

சிவா: கடந்தோம்... அந்த வருஷம் மழையே இல்லைடி காமு. செருப்பைக்கூடக் கழட்டலை.