வெறும் வயிற்றில் வரவும்

மூன்றாவது மூச்சுப் பரிசோதனையின்போது அறையில் இருந்தவர்கள்: ஊதும் பையோடு அத்தான், அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு அக்கா, கடிகாரத்தைப் பார்த்தபடி நான். டாக்டர் வரவில்லை. ஊதுகிற வேலைக்கு டாக்டர் எதற்கு.

வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி காரணமா என்று அறிய இது நல்ல வழி, ஐயா. ஒரு மருந்தைக் குடித்து, அரை மணி கழித்து ஊத வேண்டும். கிருமி இருந்தால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை, அதற்கு முன் இரண்டு வாரம் அமில மாத்திரையைத் தொடக்கூடாது. தொட்டால் கிருமி பதுங்கிக்கொள்ளும். இதை நோயாளியிடம் சொல்லி, படிவத்தில் டிக் போடுவதுதான் என் வேலை. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதற்கு மேல் யார் தருவார்கள்.

வேலை வாங்கித் தந்தவர் அத்தான். அதைச் சாப்பாட்டு வேளைதோறும் நினைவூட்டுவார்.

"என்ன அரை டாக்டரே, இன்னிக்கு எத்தனை பேரு ஊதினாங்க? பலூன் விக்கிறவன்கூட உன்னவிட கௌரவமா இருக்கான்டா."

உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். அக்கா பொறுக்கி எடுப்பாள்.

வயிற்று வலி வந்த வாரம் தட்டு பறக்கவில்லை. பேச்சும் இல்லை. இருபது வருடத்தில் அக்கா செய்ய முடியாததை வலி ஏழு நாளில் செய்தது.

"டெஸ்டுக்கு முன்னாடி ஏதாச்சும் போடணுமா மச்சான்?" என்று அவரே கேட்டார். என்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது.

"இந்த அமில மாத்திரைய ரெண்டு வாரம் போடுங்க அத்தான். டெஸ்ட் முடிஞ்சதும் நிறுத்திடுங்க."

விதியைத் தலைகீழாகச் சொன்னேன், அவ்வளவுதான். படிவத்தில் 'மாத்திரை நிறுத்தப்பட்டது' என்று டிக் போட்டேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. "டென்ஷன்தான், கோவத்தக் குறைங்க" என்றார் டாக்டர். எனக்கும் அதே கருத்துதான்.

எட்டு மாதத்தில் மூன்று முறை ஊதினார். மூன்று முறையும் இல்லை. இடைப்பட்ட நாட்களில் வலி தாங்காமல் துடித்தார். வலி மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் போடச் சொன்னேன். அது புண்ணை அரிக்கும் என்பது நான் படித்த பாதியிலேயே இருந்தது. கிருமிக்கான சரியான மருந்து இரண்டு வாரக் கதை. அதற்குப் பிறகு பழைய அத்தான் திரும்பி வந்திருப்பார்.

அன்று காலை அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அத்தான் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தார். வயிற்றில் ஊறிய ரத்தம் அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி என்றார். அஜீரணம்தான், படுங்கள் என்றேன். படுத்தார். அப்போதும் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம் மூச்சு நின்றது.

எந்தத் தேதியில் எந்த மாத்திரை என்று அவர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். என் பேச்சை அவ்வளவு மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அக்காதான் அதை டாக்டரிடம் கொண்டுபோனாள்.

இன்று அவள் இங்கே வந்தாள். "வீடு இப்ப அமைதியா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"அவர் கத்தினா நானும் கத்திட்டுப் போறேன். உன்னை எவன்டா கேட்டது?"

அவள் வெளியேறியதும் காவலர்கள் கதவைச் சாத்திப் பூட்டினார்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பாள்.