குசினியில குடுத்த டொலர்

கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ பிள்ளை, அந்த ஆக்கள் அங்காலதான் நிக்கினம். ஓம், நான்தான் மனோகரி. வழக்குப் போட்டது நான்தான். நீங்கள்தானே நான் சொல்லுறதை ஜட்ஜுக்குப் பிரெஞ்சில சொல்லப்போறீங்கள்? இந்தியாவோ? என்ர தமிழ் விளங்குதுதானே?

ஒண்டு கேக்கட்டோ? சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொன்னால் மறியலோ, ஜெயிலில போடுவினமோ? இல்லையில்லை, சும்மாதான் கேக்கிறன்.

நான் வழக்குப் போட்ட இரவிச்சந்திரன், என்னட்டைக் கடனாக் காசு வாங்கினதை மறுக்கேல்லை. எப்பிடி மறுக்கிறது, நன்றியக்கா எண்டு வாட்சப்பில அவர் சொன்னது என்ர போனில கிடக்கு. கொழும்பில காணி வாங்கப்போறன், அமெரிக்கன் டொலராத்தான் கேக்கினம் எண்டார். டவுன்டவுனுக்குப் போய் மாத்திக்கொண்டு வந்து, இஞ்ச மொன்றியலில, பார்க் எக்ஸ்டென்ஷனில எங்கட வீட்டுக் குசினியில, அடுப்படியில வைச்சுக் குடுத்தனான். கையெழுத்தோ? சொந்தத்துக்குள்ள ஆர் பிள்ளை கையெழுத்துக் கேக்கிறது? கேட்டால் பேந்து முகம் பாக்கேலுமே?

இப்ப அவற்ற லோயர் சொல்லுறார், காசு கைமாறினது கொழும்பிலயாம். அங்க வங்கிக்கூடாக இல்லாமல் ஆளுக்காள் டொலரில கடன் குடுத்தால் அங்கத்தைச் சட்டத்துக்குச் செல்லாதாம். செல்லாத கடனை இஞ்சத்தைக் கோர்ட்டும் வாங்கித் தராதாம். காசு குடுத்த அந்த வருசம் நாங்கள் எல்லாரும் கொழும்புக்குப் போனது உண்மைதான், அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். மொன்றியலில குடுத்தது எண்டு தெளிவாச் சொன்னால் வெல்லலாம் எண்டு எங்கட லோயர் சொல்லுறா. ஜான்-டலோன் சந்தையில விறைச்ச விரலோட கரட்டும் லீக்ஸும் கட்டி உழைச்ச காசு பிள்ளை. என்ர மனிசனுக்கு முழங்கால் ஏலாது, நாங்கள் இருக்கிறது மூண்டாம் மாடி. கீழ ஒரு வீடு பாப்பம் எண்டு வைச்சிருந்தது. அது போச்செண்டால் அந்தாள் சாகுமட்டும் படியேற வேண்டியதுதான்.

இல்லை, காசு போயிடும் எண்டு பயமில்லை. அவை கூட்டியந்த சாட்சிக்குத்தான் பயம். நான் காசை எண்ணிக் குடுக்கேக்கை பக்கத்தில நிண்டு தேத்தண்ணி ஊத்தினவள். எல்லாம் கண்டவள். அவளைக்கொண்டு கொழும்பு எண்டு சொல்லுவிக்கப்போயினம்.

முதல் என்னைத்தானே கூப்பிடுவினம்? வடிவாத் தெரியுமோ? நான் சொல்லி முடிச்சால் பேந்து அவள் வாய் திறக்கத் தேவை வராதுதானே?

ஐயோ, கதவு திறக்குது. இல்லை, ஆரோ வேற ஆக்கள்.

அந்தா, தூணடியில, நீலக் கோட்டு. பொத்தான் பூட்டேலாமல் நிக்கிறாள் பாருங்கோ, அவள்தான் சாட்சி. ஏழாம் மாசம். நான் வந்து இவ்வளவு நேரமாச்சு, இஞ்சால திரும்பிப் பாக்கிறாளில்லை. இரவிச்சந்திரன்ர காரில வந்திறங்கினவள், அந்தக் காரிலதான் திரும்பிப் போகோணும். ஓம், அவற்ற மூத்தவனைத்தான் கட்டியிருக்கிறாள். என்ர மகள்தான் பிள்ளை, சாருஜா. உண்மையைச் சொன்னால் பின்னேரம் எந்த வீட்டுக்குப் போவாள்? பொய் சொன்னாளெண்டால், பிறகு என்ர முகத்தைப் பாத்து அம்மா எண்டு கூப்பிடுவாளே?

என்ர பேர்தான் கூப்பிடுகினம். வாங்கோ போவம். நான் என்ன சொன்னாலும் நீங்கள் திகைக்காமல் அப்பிடியே பிரெஞ்சில சொல்லுங்கோ.

நான் காசைக் கொழும்பிலதான் குடுத்தனான்.